ரங்கூன் எம்மாந்தூரம்?

செமஸ்டர், இன்டர்னல் என்று ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்ததாக வகுப்பில் ஒரு புகார் வந்தது. இந்தத் தடவை வரி, வட்டி எதுவும் கிடையாது. பயப்படாமல் படிக்கலாம் :-)

விஷயம் இதுதான். எங்கள் ஆயா (அம்மாவைப் பெற்றது) ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டது.

"ஏன்டா, உன் போன்ல எல்லாம் இருக்குன்றியே... ரங்கூனு இங்கேர்ந்து எம்மாந்தூரம்? ஏரோப்ளேன்ல போனா எத்தினி மணி நேரமாவும்?"

தேடினேன். இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் தூரமும் விமான நேரமும் சொல்கிற பக்கங்கள் நிறைய இருக்கின்றனவே, அதில் ஒன்று. ரங்கூன் என்று போடாமல் யாங்கூன் என்று போட வேண்டும் (1989-ல் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆயாவுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை). சென்னையிலிருந்து யாங்கூன் சுமார் 1,760 கிலோமீட்டர், விமான நேரம் 2 மணி 45 நிமிடம் என்று வந்தது.

படித்துச் சொன்னேன். ஆயா வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தது.

"ரெண்டே முக்கா மணி நேரமா? நாங்க கப்பல்ல நாலு நாளு வந்தோம்டா." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப காலைல போயி அக்காவ பாத்துட்டு ராத்திரிக்கு வந்துர்லாம்ல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஆயாவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது ரங்கூனில். 1965-ல் ஒன்பது வயதில் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகளோடு கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, அங்கேயே கல்யாணமாகி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, அதனால் அக்காவும் வரவில்லை. வந்தவர்கள் முதலில் எர்ணாவூர் பர்மா நகரில் இருந்தார்கள். பிறகு கல்யாணமாகி ஆயா விம்கோ நகருக்கு வந்தது. தாத்தாவுக்குத் தீப்பெட்டி கம்பெனியில் வேலை. (விம்கோ என்பதே அந்தக் கம்பெனியின் பெயர்தான். 1923-ல் ஸ்வீடன்காரர்கள் ஆரம்பித்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. எங்கள் ஊரின் பெயரே ஒரு தீப்பெட்டியின் பெயர் என்பது தெரியாமல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிறைய பேர்.)

அக்கா, அதாவது எங்களுக்குப் பெரிய ஆயா, இப்போது எண்பதை நெருங்குகிறது. எங்கள் ஆயா எழுபதை. அறுபது வருஷத்தில் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் கடிதம், பிறகு எப்போதாவது போன், இப்போது பெரிய ஆயாவின் பேத்தி புண்ணியத்தில் வீடியோ கால்.

சரி, தூரத்துக்கு வருவோம்.

இந்தப் பக்கங்கள் விமான நேரத்தை எப்படிச் சொல்கின்றன என்று நோண்டிப் பார்த்தேன். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து பூமி உருண்டையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். அதை மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்ற மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்கிறார்கள். 1,760-ஐ 800-ஆல் வகுத்தால் 2.2, அதாவது இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். கூட அரை மணி. ஆச்சு. நம் பிளஸ் டூ கணக்குதான். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை!

இதில் தூரமாவது ஒழுங்காக இருக்குமா என்றால் அதுவும் சில நேரம் இல்லை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் 1,190 கி.மீ. என்று எத்தனையோ சுற்றுலாப் பக்கங்களில் போட்டிருக்கும். சந்தேகம் வந்து நானே கணக்குப் போட்டேன். ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. (கிழக்கு மேற்காகப் போனால் கொஞ்சம் குறையும்). எனக்கு 1,360 வந்தது. நூற்றெழுபது கிலோமீட்டர் கடல் எங்கே போனது? ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட, அதைப் பார்த்து மற்றவர் போட... எங்கள் வகுப்பில் அசைன்மென்ட் எழுதுகிற அதே முறை, ஹி ஹி. (அந்த ஊருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. தூரத்தை யாரும் மாற்றவில்லை.)

கணக்குப் போடுகிற ஜோரில் மற்ற ஊர்களையும் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து தில்லி எவ்வளவு தெரியுமா? அதுவும் சுமார் 1,760 கி.மீ.! ஒரு வரைபடத்தில் சென்னையில் காம்பஸ் முனையை வைத்து தில்லி வரைக்கும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால், கிழக்கே அது ரங்கூன் பக்கத்தில் போய் நிற்கும். அதாவது ஆயாவின் அக்கா நமக்கு தில்லி தூரத்தில்தான் இருக்கிறது.

தில்லிக்கு ஒரு நாளைக்கு எத்தனை விமானங்கள்! விடியற்காலையில் ஆரம்பித்து நள்ளிரவு வரைக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. காலையில் போய் மீட்டிங்கை முடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயா கேட்டது இதைத்தான். ரங்கூனுக்கு? நேரடி விமானம் அமைந்தால் வாரத்தில் ஒரு நாள் கிடைப்பதே பெரிது. இல்லையென்றால் கொல்கத்தா, பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கேயாவது சுற்ற வேண்டும். பாங்காக் வழியைப் பாருங்கள். சென்னையிலிருந்து 2,200 கி.மீ. கிழக்கே ரங்கூனையும் தாண்டிப் போய், அங்கே பல மணி நேரம் உட்கார்ந்து, பிறகு 575 கி.மீ. திரும்பி மேற்கே வரவேண்டும். தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவனைச் செங்கல்பட்டில் இறக்கி ரயில் மாறி வா என்பது மாதிரி. நான் தேடிய நாளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பதினாறு மணி நேரம் காட்டியது. போக வர டிக்கெட் விலை அம்மாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே.

இரண்டே முக்கால் மணி நேரம் என்று அந்தப் பக்கம் சொன்னது பொய்யா என்றால், பொய் இல்லை. ஆனால் ஓடாத பஸ்ஸுக்கு டைம்டேபிள் போட்டு வைப்பதை வேறு என்னவென்று சொல்வது?

கிலோமீட்டர் ஒன்றுதான், தூரம் வேறு வேறு என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விம்கோ நகரில் இருந்தாலே தெரியும். நான் பள்ளியில் படித்தபோது மீனம்பாக்கம் ஏர்போர்ட் போவதென்றால் அது ஒரு தனிப் பயணம். மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன், அங்கே மாறித் திரிசூலம். ரயில் சரியாக அமைந்தால் இரண்டு மணி நேரம், இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். பஸ் என்றால் ராயபுரம், பீச் ரோடு கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி பொழுது போய்விடும். சொந்தக்காரர் யாராவது துபாயிலிருந்து வந்தால், அவர் துபாயிலிருந்து மீனம்பாக்கம் வரும் நேரம் நாலு மணி, மீனம்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று மணி!

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நீட்டிப்பைத் திறந்தார்கள். இப்போது இங்கே ஏறினால் ஒரே வண்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏர்போர்ட். முப்பது சொச்சம் கிலோமீட்டர் நேற்றும் அதேதான், இன்றும் அதேதான். யாரோ எங்கேயோ உட்கார்ந்து இந்தப் பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள், இவர்களுக்கும் ஒரு தண்டவாளம் போடலாம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தூரம் பாதியாகிவிட்டது.

யாழ்ப்பாணமும் அப்படித்தான். சென்னையிலிருந்து நேர் தெற்கே 380 கி.மீ. இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பல வருஷங்களாக யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் அதைத் தாண்டிக் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வடக்கே திரும்பிப் போனார்கள். 2019 அக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் போனது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்து, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. கடல் சுருங்கவில்லை.

ரங்கூன் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே தூரம் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

1937 ஏப்ரல் வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அப்படியென்றால் மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறி ரங்கூனில் இறங்குவது உள்நாட்டுப் பயணம்! ஏதோ இன்று கோயம்புத்தூர் போகிற மாதிரி. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். செட்டியார்கள் வட்டிக்கடைக்குப் போனார்கள், கூலிகள் துறைமுகத்துக்கும் வயலுக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். பன்னிரண்டு நாட் வேகத்தில் ஒரு கப்பல் போனால் அந்த தூரத்துக்கு மூன்றே கால் நாள் ஆகும் என்று கணக்கு வருகிறது, ஆயா சொன்ன நாலு நாளுக்குப் பக்கம்தான். மூன்று நாலு நாளாக இருந்தாலும் கூலிக்காரன் போய்விட்டுத் திரும்பி வர முடிந்த தூரம் அது.

1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். 1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சி. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், அதே வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். (நமக்கு 2016 நவம்பர் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே நம்மை நாட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை.) மூன்று லட்சம் அளவில் இந்தியர்கள் அந்தப் பத்தாண்டில் வெளியேறினார்கள். அதில் ஒரு ஒன்பது வயதுப் பெண் எங்கள் ஆயா. இங்கே பர்மா நகர், பர்மா பஜார் எல்லாம் வந்தது அப்படித்தான். பீச் ஸ்டேஷன் எதிரே நின்று அத்தோ சாப்பிடுகிற நம்மில் எத்தனை பேர், இது ஏன் இங்கே கிடைக்கிறது என்று யோசித்திருக்கிறோம்?

சிலருக்கு இங்கே மனசு ஒட்டவில்லை. பிறந்த ஊருக்கே திரும்பிப் போவோம் என்று கிளம்பி, மணிப்பூர் வரைக்கும் போய், எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். மோரே என்கிற அந்த எல்லை ஊரில் இன்றைக்கும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் தமு. அவர்களைக் கேட்டால் ரங்கூன் எவ்வளவு தூரம் என்று ஒரு பதில் சொல்வார்கள், அது எந்தப் பக்கத்திலும் வராது.

"ஆள் இருந்தால் விமானக் கம்பெனி விடாதா? நீ பி.காம் படிக்கிறாயே, டிமாண்ட் சப்ளை தெரியாதா?" என்று கேட்பீர்கள். வகுப்பில் ஒருவன் கேட்டேவிட்டான். நியாயமான கேள்விதான், அதனால் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு எழுபது பேர் உட்காரும் ஏ.டி.ஆர். விமானம் போதும். நாற்பது ஐம்பது பேர் கிடைத்தாலே ஏதோ சமாளிக்கலாம். ரங்கூன் தூரத்துக்கு அந்தச் சின்ன விமானம் ஆள் நிரப்பிக்கொண்டு போக முடியாது, நூற்றெண்பது இருக்கை உள்ள ஜெட் வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை என்றாலும் போக நூற்றெண்பது, வர நூற்றெண்பது. அதே விமானத்தை தில்லிக்கோ துபாய்க்கோ விட்டால் நிச்சயமாக நிரம்பும். எந்த மேனேஜர் ரங்கூனுக்கு விடுவார்? ஆப்பர்சூனிட்டி காஸ்ட் என்று இரண்டாம் செமஸ்டரில் எழுதினோமே, அதுதான். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அங்கே இருக்கிற நிலைமையும் சாதாரணமில்லை. 2021 பிப்ரவரியில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர். அதற்கு முன்பே, கொரோனாவுக்காக 2020 மார்ச் கடைசியில் சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியவர்கள் 2022 ஏப்ரலில்தான் திறந்தார்கள். இரண்டு வருஷம், வழக்கமான விமானமே கிடையாது. "ஜாலியாக டூர் போய் வாருங்கள்" என்று நானே யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் டிமாண்ட் என்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வாங்க ஆசை இருந்து, வாங்கப் பணமும் இருந்தால்தான் டிமாண்ட் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆயாவிடம் ஆசை மட்டும் இருக்கிறது. எனவே ஆயா டிமாண்டில் வராது. எர்ணாவூரிலும் வியாசர்பாடியிலும் இப்படி எத்தனை ஆயாக்கள்! அவர்களும் வர மாட்டார்கள். அவர்கள் தேடுவதில்லை, டிக்கெட் எடுப்பதில்லை, எனவே எந்தக் கணக்கிலும் இல்லை. பிறகு "அந்த ரூட்டில் ஆளே இல்லையே" என்கிறோம். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே மெட்ரோவுக்கு ஆள் வருமா என்று யோசித்துக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் நாங்கள் பீச்சில் இறங்கி மாறிக்கொண்டுதான் இருப்போம்.

லாபம் வராத உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் விட உடான் என்று ஒரு திட்டமே இருக்கிறது. 2017-லிருந்து அரசாங்கம் இருக்கைக்கு இவ்வளவு என்று நஷ்டத்தை ஈடு கட்டுகிறது. அதே மாதிரி, கப்பலில் அழைத்து வந்தார்களே, அந்தக் குடும்பங்களுக்காக மாதம் ஒரு விமானம், அதுவும் முடியாவிட்டால் வருஷத்துக்கு நாலு. பாதிக் கட்டணம். அறுபது வயதுக்கு மேலே இருப்பவர்களுக்கு முன்னுரிமை. இதற்கு ஆகிற செலவு, கொடுக்கிற சலுகைகளின் பட்டியலில் கண்ணுக்கே தெரியாத ஒரு வரி. பத்து வருஷம் கழித்துச் செய்தால் ஒரு பைசா செலவாகாது. போவதற்கு ஆளே இருக்க மாட்டார்கள்.

விமானமே போக முடியாத இடம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். 2025 மார்ச் 28 அன்று மண்டலே பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. மறுநாளே இந்திய விமானப்படை விமானம் பதினைந்து டன் நிவாரணப் பொருளோடு தில்லி பக்கத்து ஹிண்டனிலிருந்து ரங்கூனில் போய் இறங்கியது. நல்ல காரியம், பெருமைதான். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. டி.வி.யில் இடிந்த கட்டடங்கள். மண்டலே வேறு, ரங்கூன் வேறு, நடுவில் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறது என்று நான் ஆயாவுக்கு மேப்பைக் காட்டிச் சொன்னேன். ஆயா மேப்பைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பேத்தியிடமிருந்து கால் வந்தது. கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, மற்றபடி எல்லோரும் நலம். பெரிய ஆயா போனைக் கையில் வாங்கி, தமிழும் பர்மிய மொழியும் கலந்து ஏதோ சொன்னது. எங்கள் ஆயா பதிலுக்கு பர்மிய மொழியில் பேசி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "சாப்டியான்னு கேட்டேன்" என்றது. அதற்குப் பிறகுதான் இந்த "எம்மாந்தூரம்" கேள்வியெல்லாம்.

இப்போதைக்கு நடந்திருப்பது ஒன்றே ஒன்று. ஆயாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, அதற்கு என்ன காகிதம் காட்டுவது என்று பெரிய ஆராய்ச்சியே நடந்தது. கடைசியில் கப்பலில் வந்தபோது கொடுத்த ஒரு பழுப்புக் காகிதம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கிறது, செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அந்த வேலையாகப் போன வாரம் ஆயாவை மெட்ரோவில் அழைத்துப் போனேன். விம்கோ நகர் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றது. நெற்றியில் "விமான நிலையம்" என்று எழுதியிருந்ததை ஆயா எழுத்துக்கூட்டிப் படித்தது.

"இதுல ஏறுனா ஏரோப்ளேனாண்டையே கொண்டு வுட்ருவானா?"

"ஆமா ஆயா, ஒரு மணி நேரம்."

"அப்ப ஒண்ணும் ரெண்டே முக்காலும் மூணே முக்கா" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே உள்ளே போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இறங்க வேண்டியது நடுவில். நான் ஒன்றும் சொல்லவில்லை.